பண்ணைப்புரத்து மேடையும் மயிலாப்பூர் அறையும்

போடிநாயக்கனூரிலிருந்து தெற்கே உத்தமபாளையத்தை நோக்கிச் செல்லும் சாலை, வலக்கைப் பக்கத்து ஏலமலைச் சரிவை விட்டு வெகுதூரம் விலகாமல், சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம் என்ற ஊர்களை வரிசையாகக் கடந்து பண்ணைப்புரத்தை அடைகிறது. இவ்வூரில் 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்து, ஞானதேசிகன் என்று பெயர் சூட்டப்பெற்று, பள்ளிக்கூடத்தில் ராஜையா என்றும், பிற்பாடு உலகத்தாரால் இளையராஜா என்றும் அழைக்கப்பெற்ற சங்கீதக்காரரைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதாத வருஷம் கிடையாது. ஆயினும் அக்கட்டுரைகளில் பெரும்பாலானவை 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்த நாளிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய வாழ்க்கை, வறுமையைப் பற்றி இரண்டு வாக்கியங்களும், பிறவி மேதை என்ற ஒரு சொல்லுமாக முடிந்துபோகிறது. எனக்கோ, அந்த முந்தைய பதினெட்டு வருஷங்களே, அதாவது மேடைக்கும் நாடகத்துக்கும் இசை செய்துகொண்டிருந்த ஓர் இளைஞன் எழுதத் தெரிந்த இசையமைப்பாளனாக மாறிய காலமே, ஆராய்ந்து பார்க்கத் தக்கதாகத் தோன்றுகிறது. படிப்பில்லாமல் வந்தவர் என்று அவரைச் சொல்வது பிழை. அவர் படித்த பள்ளிக்கூடங்கள் இரண்டு, முதலாவதற்குக் கட்டடம் இல்லை என்பதுதான் விசேஷம்.

அந்த முதற் பள்ளிக்கூடத்தை விளங்கிக்கொள்ள இம்மலையைச் சற்று அறிந்திருக்க வேண்டும். மதுரையிலிருந்து 1928-இல் வந்த ரயில் பாதை போடியோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் போடிமெட்டு வரை கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் மலைப்பாதை, மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, தேவிகுளம், மூணாறு. ஏலச் செடி மரநிழலில் விளைவது மேலே. காயைத் தரம் பார்த்துப் பொறுக்கி வியாபாரம் செய்யும் கடைகளும் கிடங்குகளும் கீழே போடியில். இன்றைக்கும் விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பெண்களை நெருக்கமாக ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் தோட்டங்களுக்கு ஏறுவதையும், பொழுது சாயும்போது அதே முகங்களை இறக்கிவிடுவதையும் காணலாம். மலைமேல் உழைத்தவர்கள் தமிழர்கள். 1956 நவம்பர் முதல் தேதி மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு சேர்ந்தன. இதனால் ஒரு விசித்திரமான நிலைமை உண்டாயிற்று: மலையாள நாட்டின் சட்டசபைக்கு ஓர் அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியில், வாக்காளரின் மனத்தைத் தொட வேண்டுமானால் தமிழில்தான் பேச வேண்டும், தமிழில்தான் பாட வேண்டும்.

1957-இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் தலைமையில் கேரளத்தில் கம்யூனிஸ்டு மந்திரிசபை அமைந்தது. 126 ஸ்தானங்கள் கொண்ட சபையில், கட்சியின் 60 பேரும் சுயேச்சைகள் ஐவருமாகச் சேர்ந்துதான் அந்த ஆட்சி நின்றது. ஒவ்வொரு ஸ்தானமும் உயிர்நிலை. தேவிகுளத்தில் கட்சிக்காக ஜெயித்த ரோசம்மா புன்னூசின் தேர்தல், எதிர்வேட்பாளரின் மனு தவறாகத் தள்ளப்பட்டது என்ற காரணத்தால் செல்லாததாக்கப்பட, 1958 மே மாதத்தில் அங்கே மறுபடி தேர்தல் வந்தது. அந்தத் தேர்தலில்தான் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் மலையேறித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். ராஜையாவுக்கு அவர் மூத்த தமையனார், கட்சித் தொண்டர், பாட்டுக் கட்டுவதில் அபாரமான வேகம் உள்ளவர். பதினைந்து வயது நிரம்பாத தம்பியும் அவரோடு இருந்தான். தேர்தலில் ரோசம்மா வென்றார். இந்த வெற்றி வரதராஜனின் பாட்டுக்கே உரியது என்று முதன்மந்திரியே பாராட்டியதாக ஒரு செய்தி இந்தப் பக்கத்தில் வழங்கிவருகிறது. அது எவ்வாறாயினும், தேயிலையும் ஏலமும் விளையும் தோட்டங்களின் நடுவே அந்தக் குரல்கள் ஒலித்ததை, அத்தேர்தலில் பிரசாரம் செய்த வி.எஸ். அச்சுதானந்தன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பாவலரின் முறை என்னவென்றால், ஜனங்களுக்கு ஏற்கெனவே பழகிப்போன மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் அன்றைய பத்திரிகைச் செய்தியையோ, தோட்டத்துக் கூலிப் பிரச்சினையையோ, எதிர்க்கட்சிக்காரரின் மேடைப் பேச்சையோ பொருத்திவிடுவது. சினிமா மெட்டும் உண்டு. நாட்டுப்புறத்து மெட்டும் உண்டு. இதைக் கேவலமாக நினைப்பவர்கள் சங்கீத உலகில் உண்டு. ஆனால் மெட்டுக்கு வார்த்தை பொருத்துகிறவனுக்குத்தான், எந்த அட்சரத்தில் மெட்டு மூச்சு வாங்குகிறது, எங்கே நெடில் விழுந்தால் கூட்டத்தின் கடைசி வரிசைவரை சொல் தெளிவாகப் போய்ச் சேருகிறது, எங்கே குறில்கள் நெருங்கினால் சிரிப்பு வருகிறது என்பதெல்லாம் அனுபவமாகப் பிடிபடும். நாள் முழுவதும் கொழுந்து கிள்ளிவிட்டோ காய் பறித்துவிட்டோ அலுத்து வந்து நிற்கிற ஜனங்களை, திறந்த வெளியில், குளிரில், ஒரு ஆர்மோனியத்தையும் ஒரு தாள வாத்தியத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கட்டிப்போட முடிந்தவனுக்கு, சபா மேடையில் குளிர்சாதன அரங்கத்து ரசிகர்களைக் கண்டு அச்சம் வர நியாயமில்லை. அங்கே பரீட்சையின் முடிவு அப்பொழுதே தெரிந்துவிடும்; பாட்டுப் பிடிக்காவிட்டால் ஜனங்கள் எழுந்துபோய்விடுவார்கள்.

தம்பி மேடை ஏறியது தற்செயலாக. தமையனார் உடம்பு சரியில்லாமல் இருந்த ஒரு சந்தர்ப்பத்தில், ஒப்புக்கொண்ட கச்சேரியைத் தட்ட முடியாமல் திருவெறும்பூருக்குப் புறப்பட்டபோது, 'சின்னவனையும் கூட்டிக்கிட்டுப் போ' என்ற பொருள்பட அன்னை சின்னத்தாயம்மாள் சொன்னதே ஆரம்பம் என்று இளையராஜா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிள்ளைக் குரல், பெண்குரலில் பாட வேண்டிய பாட்டுகளெல்லாம் அவன் பங்குக்கு வந்தன. அந்தக் குரலுக்கு ஆயுள் எத்தனை நாள்? மகரக்கட்டு வந்ததும் குரல் உடைந்தது, பெண்குரல் போய்விட்டது, குழுவில் அவனுக்கு வேலை என்ன என்ற கேள்வி எழுந்தது. அதுவரை அண்ணனுடைய ஆர்மோனியத்தைத் தம்பிமார் தொடக் கூடாது என்பது வீட்டுக் கட்டளை, தொட்டால் பிரம்படி. அண்ணன் வெளியே போயிருந்த சமயங்களில் திருட்டுத்தனமாகப் பெட்டியைத் திறந்து, துருத்தியை மெல்ல அழுத்தி, மனத்தில் உள்ள பாட்டுகளை விரலில் தேடித் தேடிக் கண்டுபிடித்த அந்தப் பழக்கமே, குரல் போனபிறகு குழுவில் இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. ஆர்மோனியக்காரனாக அவன் மறுபடியும் மேடைக்கு வந்தான்.

இவ்விடத்தில் இருநூறு வருஷம் பின்னோக்கி ஆஸ்திரியாவுக்குப் போய்வர வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். ரோராவ் என்ற சிற்றூரில் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர் ஒருவருக்கு 1732-இல் பிறந்த யோசப் ஹைடன், நல்ல குரல் உள்ள பிள்ளை என்பதால் வியன்னாவின் பெரிய தேவாலயத்துப் பாடகர் குழுவில் சேர்க்கப்பட்டான். குரல் உடைந்ததும் வெளியே அனுப்பப்பட்டான். பிறகு கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்துக்கொண்டிருந்த அந்த இளைஞனைக் கூர்ஸ் என்ற ஹாஸ்ய நடிகர் நாடகத்துக்கு இசை செய்ய அழைத்தார். நாற்காலிமேல் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்து நீந்துவதுபோல நடித்துக்காட்டி, இதற்கு வாசி பார்க்கலாம் என்றாராம் நடிகர்; கடலையே கண்டிராத ஹைடன் அவருடைய காலசைவைப் பார்த்துப் பார்த்தே அலைக்கு ஏற்ற நடையைக் கண்டுபிடித்தானாம். பிற்காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சிம்பொனிகளை எழுதி, அந்த இசைவடிவத்துக்கே தந்தை என்று போற்றப்பட்டவரின் முதல் தொழில்முறைப் பரீட்சை இவ்வாறு ஒரு கோமாளியின் கால்களைப் பார்த்து வாசித்ததில் நிகழ்ந்தது. நாடகத்தில் தொடங்குவது கீழ்ப்படியில் தொடங்குவது அன்று. சொந்தக் கற்பனையை இன்னொருவரின் உடலசைவுக்கும், பேச்சின் நீளத்துக்கும், திரை விழும் நேரத்துக்கும் அடக்கிக் காட்ட வேண்டிய கட்டாயத்தை வேறு எந்த ஆசானும் அவ்வளவு கண்டிப்பாகப் போதிப்பதில்லை.

மதுரைச் சீமைக்கு நாடகம் புதியதன்று. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்கள், பங்குனி சித்திரைத் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை இந்த ஊர்களில் நடந்துவந்தன, இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. 'ஸ்பெஷல் நாடகம்' என்று அதற்குப் பெயர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, பபூன் மூன்றாவது ஊரிலிருந்து என்று தனித்தனியே பேசி அமர்த்தி, ஒத்திகை என்பதே இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். அப்படிப்பட்ட நாடகத்தை ஒன்றாகக் கட்டிக்கொடுப்பவர் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர். ராஜபார்ட்டுக்கு ஒரு கட்டை, ஸ்திரீபார்ட்டுக்கு வேறொரு கட்டை. தர்க்கப் பாட்டில் இருவரும் மாறி மாறிப் பாடும்போது சுருதியை நொடியில் மாற்றிப் பிடிக்க வேண்டும். நடிகருக்கு அடி மறந்தால் மெட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். வேஷம் கட்ட நேரமானால் ஒரு கீர்த்தனையை நீட்டிப் பொழுது போக்க வேண்டும். பக்கத்தில் மிருதங்கக்காரர், அவருக்கும் அப்பால், 'ஆல்ரவுண்டு' என்று அழைக்கப்படும் மனிதர், தாளம், மணி முதலிய சில்லறைச் சாமான்களைப் பரப்பிக்கொண்டு, பபூன் விழுந்தால் ஒரு சத்தம், கண்ணடித்தால் ஒரு சத்தம் என்று காட்சிக்குக் காட்சி ஒலி கொடுத்துக்கொண்டிருப்பார். சினிமாவில் பின்னணி இசை என்று சொல்லப்படுவதெல்லாம் இந்த ஓரத்துப் பாயில் பிறந்ததுதான் என்று நான் துணிந்து சொல்வேன்.

ராஜையாவும் தம்பி அமர்சிங்கும் அண்ணன் பாஸ்கரும் இதே மண்ணில் வளர்ந்தவர்கள் என்றாலும், அவர்கள் இசை செய்தவை பெரும்பாலும் அந்நாளைய சமூக நாடகங்கள். அரசியலும் நாடகமும் அக்காலத்தில் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள். 1962-இல் தேனித் தொகுதி ஒரு நாடக நடிகரை, எஸ்.எஸ். ராஜேந்திரனைச் சட்டசபைக்கு அனுப்பிவைத்ததை நினைத்தால் போதும். அல்லிநகரத்துப் பாரதிராஜா, சுகாதார இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் நாடகம் எழுதி நடித்து இயக்கிவந்தவர், பண்ணைப்புரத்துப் பையன்களோடு சிநேகமானார். அவருடைய நாடகங்களுக்குப் பாவலர் சகோதரர்களே சங்கீதம். ராஜையா தாமாக ஒரு கவிதைக்கு மெட்டமைத்ததும் இந்தக் காலத்தில்தான்: 1964 மே 27-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவை எடுத்து இசை அமைத்ததையே அவருடைய முதல் படைப்பாகக் குறிப்பிடுவது வழக்கம். அதுவரை அண்ணன், பிறருடைய மெட்டுக்குத் தம்முடைய வார்த்தையைப் பொருத்தினார். தம்பியோ பிறருடைய வார்த்தைக்குத் தம்முடைய மெட்டைத் தேடினான். ஒரே வீட்டில் காரியம் தலைகீழாக மாறிவிட்டது.

1968-இல் சகோதரர்கள் சென்னைக்குப் புறப்பட்டார்கள். வீட்டிலிருந்த ரேடியோவை விற்று வந்த நானூறு ரூபாயை அன்னை அப்படியே எடுத்துக் கொடுத்தார் என்பது அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. பட்டணத்திலும் முதலில் சோறு போட்டது நாடகமே. சினிமாவுக்கு வந்துசேர ஆசைப்பட்ட நடிகர்களும் கதாசிரியர்களும் சபாக்களில் நாடகம் போட்டுத் தங்களைக் காட்டிக்கொண்ட காலம் அது. கையில் ஆர்மோனியமும் கிதாரும் உள்ள மூன்று பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, கூலி சொற்பம் என்பதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை. இரவில் நாடகம், பகலில் என்ன செய்வது என்ற கேள்விக்கு மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் சாய் லாட்ஜ் என்ற விடுதியின் ஓர் அறையில் விடை இருந்தது.

அந்த அறையில் வசித்தவர் தன்ராஜ் மாஸ்டர். பியானோவும் கிதாரும் கற்றுக்கொடுப்பவர்; மேல்நாட்டுச் சங்கீதத்தின் எழுத்து, இலக்கணம், வரலாறு எல்லாவற்றையும் சேர்த்து ஊட்டக்கூடியவர்; பிற்காலத்துச் சென்னைச் சினிமா இசையில் பெயர் பெற்றவர்களில் ஏ.ஆர். ரஹ்மான் உட்படப் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். ராஜையா என்ற பெயரை 'ராஜா' என்று சுருக்கியவரும் அவரே. இந்த ஆசிரியரைப் பற்றித் தமிழில் ஒரு முழுமையான சரித்திரம் இருந்திருக்க வேண்டும்; திரை நக்ஷத்திரங்களின் சமையற்காரர்களுக்குக் கிடைத்த விளம்பரம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் கற்பித்தது என்ன என்பதைச் சங்கீதப் பழக்கமில்லாத வாசகர்களும் தெரிந்துகொள்வது நலம். நம்முடைய ஸ்வர எழுத்து, ஸ ரி க ம என்று ஒரே வரிசையில் செல்வது. ஒரு பாட்டின் ஒற்றை ஓட்டத்தைக் குறித்துவைக்க அது போதும், கமகம் முதலிய நுட்பங்கள் குரு வாய்மொழியாக வரவேண்டியவை. மேல்நாட்டார் பயன்படுத்தும் ஐந்து கோட்டு எழுத்தோ, கிடையாகக் காலத்தையும் செங்குத்தாக உயர்வு தாழ்வையும் காட்டுவது. ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாகப் புல்லாங்குழல், கிளாரினெட், முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எந்தக் கணத்தில் எந்த வாத்தியம் என்ன செய்கிறது என்பதைக் கண் ஒரே பார்வையில் மேலிருந்து கீழே இறங்கிக் கண்டுவிடும். இதன் சிகரம் கவுண்டர்பாயிண்ட் என்ற கலை. நாலு பேர் ஒரே திண்ணையில் ஒரே சமயத்தில் பேசினாலும், ஒவ்வொருவர் பேச்சும் தனித்தனியே விளங்கி, நான்கும் சேர்ந்து ஐந்தாவதாக ஒரு பொருளைத் தருமானால் எப்படியிருக்குமோ, அப்படி ஒன்றுக்கொன்று அடங்காத மெட்டுகளை ஒரே சமயத்தில் ஓடவிடுவது அது. பாக் என்ற ஜெர்மானிய மேதை அதில் கரை கண்டவர். மலைமேல் தோட்டத்து மைதானத்தில் ஒற்றை ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு, இன்னும் நாலு வாத்தியம் இருந்தால் எப்படி இருக்கும் என்று மனத்துக்குள் கேட்டுப் பழகியிருந்த இளைஞனுக்கு, அந்தக் கற்பனையைக் காகிதத்தில் இறக்கிவைக்க ஒரு வழி உண்டு என்று தெரிந்தபோது உண்டான ஆவேசத்தை ஊகித்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்தபடியே லண்டன் டிரினிடி இசைக் கல்லூரியின் பரீட்சைகளை எழுதி, கிளாசிக்கல் கிதாரில் தங்கப் பதக்கம் பெற்றார் என்பது அவருடைய வரலாற்றை எழுதுவோர் தவறாமல் குறிப்பிடும் விஷயம். கர்நாடக சங்கீதத்தை முறையாகப் பயின்றது டி.வி. கோபாலகிருஷ்ணனிடம்.

எழுதத் தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா? எழுதியது எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டாமா? இதுவே எந்த இளம் இசையமைப்பாளனுக்கும் பெரிய சங்கடம்; கவிஞனுக்குக் காகிதம் போதும், இவனுக்கு இருபது ஆட்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். ராஜா அப்போது ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். வெங்கடேஷ் கன்னடப் படங்களுக்கு நிறைய இசையமைத்தவர். அவர் போடும் மெட்டுக்கு வாத்தியங்களைப் பிரித்து எழுதிக் கொடுப்பது உதவியாளர் வேலை. ஒலிப்பதிவுக்கு இடையே வாத்தியக்காரர்கள் காப்பி சாப்பிட்டு இளைப்பாறும் நேரத்தில், தாம் இரவெல்லாம் எழுதிய சொந்தப் பக்கங்களை அவர்கள்முன் வைத்து, 'இதை ஒருதரம் வாசித்துக் காட்டுங்களேன்' என்று மன்றாடிக் கேட்டு, இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ தம்முடைய எழுத்து ஒலியாக மாறுவதைச் செவிகொடுத்துக் கேட்டு, எந்த இடத்தில் வயலின் பளுவாகிவிட்டது, எங்கே செல்லோ அமுங்கிப்போயிற்று என்று திருத்திக்கொண்டார். வேண்டிய வாத்தியங்களை ஆர்.கே. சேகரிடம் வாடகைக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. ரஹ்மானின் தந்தையார் அவர். பல்கலைக்கழகங்களில் இதற்கென்று மாணவர் வாத்தியக் குழுவே வைத்திருக்கிறார்கள். இங்கே அந்த ஸ்தாபனத்தின் வேலையை, தேநீர் இடைவேளையில் பிறர் பிள்ளையின் முன்னேற்றத்துக்காக வில்லை எடுத்த அந்த வயலின்காரர்கள் செய்தார்கள். அவர்கள் பெயர் எந்த இசைத்தட்டிலும் அச்சாகவில்லை.

தமையனார் பாவலர் 1973-இல் காலமானார். மூன்று வருஷம் கழித்துக் கதாசிரியர் பஞ்சு அருணாசலம், தாம் எடுக்கும் படத்துக்கு இந்த இளைஞரை அமர்த்தினார். மேஜைமேல் தாளம் தட்டிப் பாடிக் காட்டிய மெட்டுகளைக் கேட்டே அவர் சம்மதித்தார் என்பார்கள். மேடைப் பழக்கம் அங்கேயும் கைகொடுத்தது, பாவலர் குழுவில் மேஜையைவிடக் குறைந்த வாத்தியத்தோடும் பாடியதுண்டே. ஏ.எம். ராஜா என்று புகழ்பெற்ற பாடகர் ஒருவர் இருந்தமையால் முன்னே 'இளைய' சேர்ந்தது. தேவராஜ்–மோகன் இயக்கிய 'அன்னக்கிளி' 1976 மே மாதம் வெளிவந்ததும், மறுவருஷம் பாரதிராஜாவின் 'பதினாறு வயதினிலே' வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை விவரித்துக்கொண்டிருக்க நான் விரும்பவில்லை.

அவருடைய செவ்வியல் முயற்சிகளைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு வார்த்தை உண்டு. ஹங்கேரி தேசத்தில் இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில், பேலா பார்டோக், கோடாய் என்ற இரு இளம் இசையமைப்பாளர்கள், நகரத்துச் சங்கீதக் கல்லூரியில் பாடம் முடித்தபின் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்று குடியானவர் பாட்டுகளைச் சேகரித்து, அவற்றின் சாரத்தைத் தங்கள் படைப்புகளில் இறக்கினார்கள். நம்மவர் விஷயத்தில் பிரயாணம் எதிர்த்திசையில் நடந்தது. நாற்று நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் கேட்க அவர் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. அவற்றைப் பிறவியிலேயே காதில் வைத்துக்கொண்டு, எழுத்தைத் தேடி நகரத்துக்கு வந்தார். 1986-இல் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கி அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தட்டிலும், 1988-இல் ஹரிபிரசாத் சௌரசியாவின் குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' என்ற தட்டிலும், பரிசோதனை என்ற பெயருக்காகச் சில இடங்களில் இரண்டு சங்கீதங்களும் ஒட்டாமல் நிற்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. சிறந்த இடங்களிலோ, ஒட்டுப்போட்ட தடமே தெரிவதில்லை. 2005-இல் திருவாசகத்துக்கு அவர் அமைத்து வெளியிட்ட இசையைப் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது; பார்டோக் பாடம் படித்த அதே நகரம்.

ஆனால் நாடக மேடையின் பயிற்சியைக் காண விரும்புகிறவர்கள் இவற்றைவிட அவருடைய படங்களில் பாட்டு இல்லாத பகுதிகளைக் கவனிக்க வேண்டும். ஒரு ரீலைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்து, உடனே காகிதத்தை எடுத்து, வாத்தியம் எதையும் தொடாமல், எல்லா வரிகளையும் தாமே எழுதி, அன்றைக்கே வாசிக்கவைத்து ஒலிப்பதிவு முடிப்பது அவருடைய வழக்கம் என்று அவருடன் வேலை செய்தவர்கள் வியந்து பேசுவார்கள். இதில் வியப்பு வேகத்தில் இல்லை. பேச்சு முடிந்து நடிகர் திரும்பிப் பார்ப்பதற்கு இடையே உள்ள இரண்டு விநாடியில் ஒரு புல்லாங்குழல் எழுவதும், அழுகைக் காட்சியில் எல்லோரும் எதிர்பார்க்கும் இடத்தில் ஒன்றுமே வாசிக்காமல் விட்டுவிடுவதும், மேடை ஓரத்தில் உட்கார்ந்து நடிகரின் முகத்தைப் பார்த்தே பெட்டியை வாசித்துப் பழகியவருக்குத்தான் வரும். அடி மறந்த நடிகருக்காக எத்தனை இரவு காத்திருந்த விரல்கள் அவை! கல்லூரிப் படிப்பு எத்தனை வாத்தியம் வாசிக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கும். எப்போது வாசிக்கக் கூடாது என்பது நாடகக்காரரிடம் கற்க வேண்டியது.

1993-இல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா, ஜான் ஸ்காட் என்பவர் நடத்த, இளையராஜா எழுதிய சிம்பொனி ஒன்றை வாசித்து ஒலிப்பதிவு செய்தது. அப்போது தமிழ்நாட்டில் பெரும் பாராட்டு விழாக்கள் நடந்தன. பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் 8-ஆம் தேதி, அதே லண்டனில் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கத்தில், ராயல் பில்ஹார்மானிக் கச்சேரி ஆர்க்கெஸ்ட்ரா, மைக்கேல் டாம்ஸ் நடத்த, 'வேலியன்ட்' என்ற அவருடைய சிம்பொனியை ஜனங்கள் முன்னிலையில் வாசித்தது. அப்போது எண்பத்தொரு வயதான அதை எழுதியவரும் அரங்கத்தில் இருந்தார். 1993-இல் பதிவான சிம்பொனியோ இன்னும் வெளிவரவில்லை. தேனி, சென்னை நாடகங்களுக்கு அந்த இளைஞன் செய்த இசையும் இசைத்தட்டில் ஏறாமல் அந்தந்த இரவோடு போய்விட்டது. ஆகவே அவருடைய நாடக இசையைப் பற்றி, திரைக்குப் பின்னால் அன்று வாசித்தவர்களையும் முன் வரிசையில் தரையில் உட்கார்ந்து கேட்டவர்களையும் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போடிப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எண்பது வயதுக்கு மேல்.